பதினோராவது கேள்வி

இன்டர்வியூவுக்குத்தானே போறீங்க, அக்கா?

எப்படித் தெரியும் என்றா பார்க்கறீங்க? மடியில் அந்த பட்டன் வைத்த நீல ஃபைல் இருக்கிறதே. ஜூன் மாதம் இந்த பஸ்ஸில் நீல ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டு வருகிற ஆள் வேறெங்கே போவார்? காலேஜுக்குத்தான். கொஞ்சம் நகருங்க, நானும் உட்கார்ந்துகொள்கிறேன். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். ரயில்வே கேட் மூடியிருந்தால் இந்த டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார். அவரை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அவர் பர்மனென்ட்.

விலங்கியலா? அப்படியென்றால் ஃபர்ஸ்ட் இயருக்கு பயாலஜி எடுக்கிற வேலை. கெஸ்ட் லெக்சரர். கௌரவ விரிவுரையாளர் என்று லெட்டரில் போட்டிருப்பார்கள். கௌரவம் அந்த லெட்டரோடு சரி. மணிக்கணக்கில் சம்பளம், ஏப்ரலில் வீட்டுக்குப் போ, ஜூனில் மறுபடியும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வா. இதற்கு இவ்வளவு மனப்பாடமா? உதடு காய்ந்துவிட்டது பாருங்க. தண்ணீர் குடிங்க.

என் பெயர் கோபிகா. காலேஜ் கேட்டுக்கு எதிரே இருக்கிற செராக்ஸ் கடையில் வேலை. டைப்பிங், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் நான்தான். முதலாளி ஃபோனில் கிரிக்கெட் பார்ப்பார். நான் ப்ளஸ் டூவைப் பாதியில் விட்டவள். ஆனால் இதுவரை பதினாறு பிஎச்.டி.யை ஸ்பைரல் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் ஐந்து காப்பி. முதல் பக்கத்தில் மாமியார் வரைக்கும் நன்றி சொல்லியிருப்பார்கள். உள்ளே நான் புரட்டிப் பார்ப்பேன். இரண்டு தீசிஸில் ஒரே அட்டவணை இருந்தது. மீன் பெயர் மட்டும் வேறு.

உங்களைச் சொல்லவில்லை. உங்களுடையதை நான் பார்க்கவில்லையே.

பயோடேட்டா கதை அதைவிட மோசம். வருஷா வருஷம் அதே ஆட்கள், அதே பென்டிரைவ். "தேதியை மட்டும் மாத்தும்மா" என்பார்கள். வயதை மாற்ற மறந்துவிடுவார்கள். நான்தான் கேட்பேன். "மேடம், போன வருஷமும் முப்பத்தெட்டு, இந்த வருஷமும் முப்பத்தெட்டா?" ஒரு மேடம் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். அப்புறம், "முப்பத்தொம்போதுன்னு போடு" என்றார். அவ்வளவு படித்தவர்.

இப்போது நீங்க, நீ ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்கப்போறீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். நானாகத்தான் விட்டேன். எங்கள் ஸ்கூலில் பயாலஜிக்கு டீச்சர் கிடையாது. போஸ்டிங் வரும், வரும் என்றார்கள். வரவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் தற்காலிகமாக ஆள் போட்டார்கள். ப்ளஸ் ஒன்னில் மட்டும் மூன்று பேர் வந்து மூன்று பேரும் போனார்கள். மூன்றாவதாக வந்த மிஸ் நன்றாகத்தான் ஆரம்பித்தார். இதயம் பாடம். போர்டு கொள்ளாத அளவுக்கு ஒரு இதயம். மேலே இரண்டு அறை வரைந்தார். பெல் அடித்துவிட்டது. "கீழ ரெண்டும் நாளைக்கு" என்றார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வேறு எங்கோ வேலை கிடைத்துவிட்டதாம். ஒரு வாரம் அந்தப் பாதி இதயம் போர்டிலேயே இருந்தது. கெமிஸ்ட்ரி சார் அதை அழிக்காமல் ஓரத்தில் ஈக்குவேஷன் எழுதிக்கொண்டிருந்தார்.

அதற்கும் நான் நின்றதற்கும் சம்பந்தமில்லை. எனக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

டெமோ கிளாஸ் உண்டு என்று உங்கள் லெட்டரில் இருக்கிறதா? பத்து நிமிஷம், மாணவர் முன்னிலையில். யுனிவர்சிட்டி விதி. நூறு மார்க்கில் எண்பது மார்க், கமிட்டி போடுவது. மீதி இருபது, மாணவர்கள் போடுவது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூன் மாதத்தில் ஏது மாணவர்கள்? பழையவர்களுக்கு லீவு. புதியவர்களுக்கு அட்மிஷனே முடியவில்லை. விதி போட்டவர் காலண்டரைப் பார்க்கவில்லை.

அதனால் என்ன செய்வார்கள் தெரியுமா? ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் சகாயமேரி மேடம், முந்தின நாள் சாயங்காலம் ரோட்டைத் தாண்டி எங்கள் கடைக்கு வருவார். போன வருஷம் அப்படித்தான் வந்தார்.

"ஏய் கோபிகா, நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடு. சுடிதார் போட்டுக்க. ஷாலை ரெண்டு பக்கமும் பின் குத்திக்க."

"எதுக்கு மேடம்?"

"ஸ்டூடன்ட்டா உக்காரணும். மதியம் பிரியாணி."

"கடையை யார் பாக்கறது?"

"ஏன், உங்க முதலாளி உயிரோடதான இருக்காரு?"

முதலாளி ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

போனேன். இருபது பேர். செல்போன் கடை இம்ரான், டெய்லர் கடை அக்காமார், வாட்ச்மேனுடைய மகள். அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். கேன்டீனில் பரோட்டா போடுகிற முனியப்பன் அண்ணனுக்கு முப்பத்தாறு வயது. அவரைக் கடைசி பெஞ்சில் தள்ளி, "தலையைக் குனிஞ்சே இரு, நோட்ஸ் எடுக்கற மாதிரி" என்றார் மேடம். கழுத்தில் எல்லாருக்கும் நீல டேக் மாட்டிவிட்டார்கள். டேக் நுனியில் கார்டு கிடையாது. நுனியைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். சட்டைப் பை இல்லாத நாங்கள் ஷாலுக்குள் மறைத்துக்கொண்டோம்.

அப்புறம் ஆளுக்கு மூன்று தாள் கொடுத்தார்கள், வருகிறவர்கள் மூன்று பேருக்கு. மாணவர் மதிப்பீட்டுப் படிவம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க் வரைக்கும் போடலாம்.

"எல்லாருக்கும், எல்லாக் கேள்விக்கும் நாலு போட்டுடுங்க" என்றார் மேடம். "அஞ்சு போட்டா சந்தேகப்படுவாங்க. மூணு போட்டா காரணம் கேப்பாங்க. நாலு."

பத்தொன்பது பேர் நாலு போட்டார்கள். முனியப்பன் அண்ணன் கிளாஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மூன்று தாளிலும் போட்டு முடித்துவிட்டார். நான் போடவில்லை. எனக்குப் பொய் எழுத வராது. என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து எப்படி என்று கேட்டால், எப்படியோ அப்படித்தான் எழுதுவேன். என் குணம் அது.

மூன்று பேருக்கும் ஒரே பாடம். மனித இதயம். ஃபர்ஸ்ட் யூனிட்டிலேயே வருமாமே?

முதலில் ஒரு மேடம். லேப்டாப் திறக்க நாலு நிமிஷம். மிச்ச ஆறு நிமிஷத்தில் முப்பத்தெட்டு ஸ்லைடு. ஸ்கிரீனைப் பார்த்து ஸ்கிரீனுக்கே பாடம் நடத்திவிட்டு, "எனி டவுட்ஸ்?" என்று சுவரைக் கேட்டார். சுவருக்கு டவுட் இல்லை.

அடுத்து அருட்செல்வன் சார். சின்ன வயசு, இஸ்திரி போட்ட சட்டை. "எழுதிக்கோங்க. இதயம் நான்கு அறைகளைக் கொண்டது. கமா போடுங்க." கமாவையும் சேர்த்து டிக்டேட் பண்ணினார். ஒன்பதரை நிமிஷத்தில் முடித்துவிட்டு, கர்சீப்பால் நெற்றியைத் துடைத்து, ஒரு சினிமா ஜோக் சொன்னார். டெய்லர் அக்காமாருக்கு ஒரே சந்தோஷம். இருக்காதா? ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார்கள், படித்த மாதிரியே இருக்கிறது. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. ஆனால் முடித்தாரா? முடித்தார். நாலு அறையும் சொன்னாரா? சொன்னார். ஐம்பதுக்கு நாற்பத்தாறு போட்டேன். பிடிக்கவில்லை என்று மார்க்கைக் குறைக்கிறவள் இல்லை நான்.

மூன்றாவது தணிகைவேல் சார்.

இவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர் அந்தக் காலேஜிலேயே பதினோரு வருஷமாக இதே பயாலஜியை எடுத்துக்கொண்டிருந்தவர். புரிகிறதா? அவருடைய வேலைக்கு அவரே வருஷா வருஷம் இன்டர்வியூவுக்கு வந்து உட்காருவார். பதினோரு தடவை. அன்றைக்குக் காலையில்கூட என்னிடம்தான் பயோடேட்டா பிரின்ட் எடுத்துக்கொண்டு போனார். வயதைச் சரியாக மாற்றியிருந்தார். நாற்பத்துமூன்று. பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், இந்த வேலையை விட்டால் வேறு தெரியாது என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி "ம்" என்றார், ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே.

கமிட்டியில் நடுவில் எச்.ஓ.டி. உட்கார்ந்திருந்தார். தணிகைவேல் சாரைப் பார்த்து, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

"சார், பதினோரு வருஷமா உங்க பக்கத்து ரூம்லதான் இருக்கேன்."

"அது இருக்கட்டும். புரொசீஜர். சொல்லுங்க."

சொன்னார்! பெயர் தணிகைவேல், ஊர் இது, படிப்பு இது என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். நானாக இருந்தால் அந்த மேஜையை அப்படியே தூக்கிக் கவிழ்த்திருப்பேன். முதுகெலும்பு பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கு அது இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். ஒரு பார்வை பார்த்தார். என்னைத் தெரியாதா அவருக்கு? முனியப்பன் அண்ணனிடம் தினமும் பரோட்டா வாங்கிச் சாப்பிடுகிறவர். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"எல்லாரும் கழுத்துல இங்க ரெண்டு விரலை வைங்க. துடிக்குதா? நான் சொன்னதும் எண்ணுங்க."

வாட்சைப் பார்த்துப் பதினைந்து செகண்ட் எண்ணச் சொன்னார். நாலால் பெருக்கச் சொன்னார். ஒவ்வொருவரையும் கேட்டார். முனியப்பன் அண்ணன் தலையை நிமிர்த்தி, "எழுவத்தி ரெண்டு சார்" என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷம். வாட்ச்மேன் மகள், "எனக்குத் தொண்ணூத்தி ஆறு வருது சார், ஏதாவது கோளாறா?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அவர் அவள் வயிற்றைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"கோளாறு இல்லம்மா. உங்க இதயம் ரெண்டு பேருக்குச் சேத்து ஓடுது. நல்லா சாப்பிடுங்க."

எச்.ஓ.டி. தலையைச் சொறிந்தார். இதற்கே நாலு நிமிஷம் போய்விட்டது. அப்புறம் தணிகைவேல் சார் போர்டுக்குப் போனார். வரைய ஆரம்பித்தார். மேலே ஒரு அறை. பக்கத்தில் இன்னொரு அறை.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு கேள்வி கேட்கவேண்டும் போல இருந்தது. மடக்கவேண்டும் என்றுதான். வேறொன்றும் இல்லை. எங்கள் அம்மா கோழிக்கறிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கல்லாவில் நான்தான். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். எழுந்து கேட்டேன்.

"சார், கோழியை அறுத்து இதயத்தை வெளிய எடுத்து வச்ச பிறகும் கொஞ்ச நேரம் துடிக்குதே. தலை ஒரு பக்கம் கெடக்கு, உடம்பு ஒரு பக்கம் கெடக்கு. யார் சொல்லித் துடிக்குது?"

சாக்பீஸை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு, மாட்டிக்கொண்டார் என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தால் பிரியாணி வந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

"யாரும் சொல்லல. அதுக்கு அதுவே சொல்லிக்குது" என்றார். மேல் அறையின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். "இங்கேருந்து ஆரம்பிக்குது. மூளை வேகத்தைக் கூட்டும், குறைக்கும். துடின்னு உத்தரவு போடறது மூளை இல்ல." அப்புறம் அதை விடவே இல்லை. கைகளை மூடித் திறந்து காட்டினார். பெஞ்சுக்கு நடுவில் நடந்தார். இம்ரானின் கையைப் பிடித்து இழுத்து அதை வைத்து விளக்கினார். எச்.ஓ.டி. இரண்டு தடவை பேனாவால் மேஜையைத் தட்டினார். சார் காதில் ஏறவில்லை.

நான் விடுவேனா? "நாட்டுக்கோழி இதயம் பிராய்லரைவிட ரொம்ப நேரம் துடிக்குது சார். அது ஏன்?"

"தெரியாதும்மா" என்றார்.

அக்கா, நீங்களே சொல்லுங்க. பிஎச்.டி., பதினோரு வருஷம், கமிட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறது. தெரியாது என்கிறார், பஸ் எப்ப வரும் என்று கேட்டால் சொல்கிற மாதிரி. அதோடு நிறுத்தினாரா? "ரொம்ப நேரம்னு எப்படிச் சொல்ற? எண்ணினியா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

"இல்ல. பாத்தா தெரியும்."

"பாத்தா தெரியாது. எண்ணு. எண்ணிட்டு வந்து சொல்லு."

மணி அடித்தார்கள். பத்து நிமிஷம் முடிந்தது. போர்டைப் பார்த்தேன். மேலே இரண்டு அறை, ஒரு புள்ளி. அவ்வளவுதான். கீழே ஒன்றும் இல்லை. "மிச்சத்தை…" என்று எங்களைப் பார்த்து என்னவோ சொல்ல வந்தார். எச்.ஓ.டி. "தேங்க்யூ, போகலாம்" என்றார். போய்விட்டார்.

எனக்கு ஏனோ பயங்கரக் கோபம். அந்தத் தாளை எடுத்தேன். நாலாவது கேள்வி, "குறித்த நேரத்தில் பாடத்தை முடித்தாரா?" பூஜ்யம். ஏழாவது கேள்வி, "சந்தேகங்களைத் தெளிவுபடுத்தினாரா?" ஒன்று. மற்றதெல்லாம் ஒன்று, இரண்டு. மொத்தம் பதினான்கு. கோபத்தில் போட்டதுதான். ஆனால் முடிக்கவில்லை என்பது உண்மைதானே? இரண்டு அறையோடு விட்டுவிட்டுப் போகிறவருக்கு நான் ஏன் நாலு போடவேண்டும்?

பிரியாணியில் கறியே இல்லை. அது வேறு விஷயம்.

மறுநாள் சகாயமேரி மேடம் மொத்தக் கட்டையும் எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். ஸ்கேன் பண்ணி, லிஸ்ட் டைப் அடித்து யுனிவர்சிட்டிக்கு அனுப்பவேண்டுமாம். அவர் ஆபீஸில் பிரின்டர் ஓடவில்லை. அவர் கால்குலேட்டரில் கூட்டிச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். மாணவர் மார்க்கை எல்லாம் கூட்டி, சராசரி எடுத்து, இருபதுக்கு மாற்றி, கமிட்டி மார்க்கோடு சேர்க்கவேண்டும். அருட்செல்வன், எழுபத்தொன்று புள்ளி ஒன்று இரண்டு. தணிகைவேல், எழுபது புள்ளி ஒன்பது எட்டு. ஸ்லைடு மேடம் ரொம்பக் கீழே. போஸ்டிங் ஒன்றுதான்.

கமிட்டியில் தணிகைவேல் சார்தான் அரை மார்க் அதிகம் வாங்கியிருந்தார். யாரோ ஒரு ஆளுக்கு அங்கே கண் இருந்திருக்கிறது. மேடத்திடமிருந்து கால்குலேட்டரை வாங்கி நான் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். நானும் எல்லாரையும் போல நாலு நாலு என்று போட்டிருந்தால், அவர் எழுபத்தொன்றரை, அருட்செல்வன் எழுபத்தொன்று.

"மேடம், என் ஒரு தாளாலதான் மாறியிருக்கு."

"உன் தாளா? அதுல உன் பேர் இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது மாணவர் மதிப்பீடு. டைப் பண்ணு, மணி ஆகுது."

டைப் பண்ணினேன். என்னை அப்படிப் பார்க்காதீங்க. நான் என்ன தப்புச் செய்தேன்? பத்தொன்பது பேர் படிக்காமல் நாலு போட்டார்கள். அவர்கள் ஒழுங்காகப் போட்டிருந்தால் என் தாள் இருபதில் ஒன்று, அதற்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது. அவர்கள் பொய் எழுதியதால்தான் என் உண்மைக்கு அவ்வளவு கனம் வந்தது. முனியப்பன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "எல்லாரும் சொன்னதைத்தானம்மா செஞ்சோம். உனக்கு மட்டும் எதுக்கு அந்த வீம்பு?" என்றார். பரோட்டா மாஸ்டருக்கு என்ன தெரியும்?

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். தணிகைவேல் சார்தான். அனுபவச் சான்றிதழ் செராக்ஸ் எடுக்க. பதினோரு சான்றிதழ், வருஷத்துக்கு ஒன்று, ஒரே வாசகம். நான் மெஷினில் வைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

"சார், உங்களுக்குப் பதினாலு போட்டது நான்தான். நாலாவது கேள்விக்கு ஜீரோ. அதனாலதான் போச்சு."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தட்டும், நானும் கத்தலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். அவர் மெஷினிலிருந்து வந்த தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"நாலாவது கேள்வி என்ன?"

"பாடத்தை முடிச்சாரான்னு."

"சரியாத்தான் போட்டிருக்க. முடிக்கலையே."

பாருங்க! இப்படி ஒரு ஆளை என்ன செய்வது? வேலை போய் நிற்கிறார். போக்கினவள் எதிரே நிற்கிறாள். சரியாகத்தான் போட்டிருக்கிறாய் என்கிறார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இப்படி இருப்பதால்தான் பதினோரு வருஷம் பக்கத்து ரூமில் வைத்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்க என்று கேட்கிறார்கள்.

அதோடு விட்டாரா? மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த வீணான தாளை எடுத்துத் திருப்பினார். என் காதிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். மேல் அறை இரண்டு போட்டார். புள்ளி வைத்தார். கீழ் அறை இரண்டும் போட்டார். இடது பக்கச் சுவரைத் தடியாகப் போட்டு, "இது ஏன் தடிமன்னு சொல்லு" என்றார். கடையில் நாலு பேர் ஆதார் கார்டோடு நிற்கிறார்கள். "உடம்பு பூரா தள்ளணும்ல" என்றேன், சும்மா வாய்க்கு வந்தது. "அதேதான்" என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டார். அன்றைக்கே செய்திருக்கலாமே, மனுஷன்.

போகும்போது படியில் நின்று, "எண்ணினியா?" என்றார்.

"இல்ல சார்."

"எண்ணு."

நெல்லூர் பக்கம் ஏதோ இறால் பண்ணைக்குப் போய்விட்டார். குடும்பம் இங்கேதான்.

அருட்செல்வன் சாரா? டிசம்பரில் ஒரு கோச்சிங் சென்டரில் வேலை கிடைத்தது. போய்விட்டார். ஐந்து யூனிட்டில் இரண்டு முடிந்திருந்தது. குறித்த நேரத்தில் பாடத்தை முடித்தாரா என்று அப்போது யாரும் என்னிடம் தாள் கொடுக்கவில்லை. ஜனவரியிலிருந்து ஃபர்ஸ்ட் இயர் பசங்க எங்கள் கடைக்கு வந்து, சீனியர்களிடம் கடன் வாங்கின தணிகைவேல் சார் நோட்ஸை செராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலி இடத்துக்குத்தான் இப்போது நீங்க போறீங்க.

இது என்ன நோட்டா? ஒன்றுமில்லை, கணக்கு நோட்டு. சரி, பாருங்க. பார்த்துவிட்டுக் கொடுத்துவிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொழுது போகாது, அதனால் எண்ணுகிறேன். நாட்டுக்கோழி பதினெட்டு, பிராய்லர் இருபத்துமூன்று. மொத்தம் நாற்பத்தொன்று. அம்மா திட்டுவார், "கல்லாவைப் பாருடி, கசமாலத்தைப் பாத்துக்கிட்டு நிக்கற" என்று. முதல் பத்தில் நாட்டுக்கோழி இதயம்தான் அதிக நேரம் துடித்தது. அப்புறம் குழம்பிவிட்டது. மழை நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி.

என்ன கேட்டீங்க? எடுத்ததும் எதன்மேல் வைத்தேன் என்றா?

ம். ஸ்டீல் தட்டில் கொஞ்சம், மரக்கட்டை மேல் கொஞ்சம். ஆமாம், அதை எழுதாமல் விட்டுவிட்டேன். இருபதாவது கோழியில்தான் எனக்கே தோன்றியது. தட்டு ஜில்லென்று இருக்கும். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே தட்டில்தான். முதல் பத்தொன்பதைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன் பாருங்க.

நீங்க பரவாயில்லை. ஸ்லைடு எதுவும் எடுத்து வரவில்லையே? நல்லது.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீங்க. இன்றைக்கும் நான்தான் ஸ்டூடன்ட். ஷாலில் இரண்டு பக்கமும் பின் குத்தியிருக்கிறேனே, பார்க்கவில்லையா? போன மாதம் கடை கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணியதில் அந்தப் படிவம் போய்விட்டது. பழைய பிரின்டைக் கொடுத்து, "அப்படியே அடிச்சுக் குடு" என்றார் மேடம். அப்படியே அடித்தேன். பத்துக் கேள்வியும் அடித்து முடித்தால் கீழே இடம் இருந்தது. பதினொன்றாவதாக ஒரு கேள்வி போட்டேன். "மணி அடித்த பிறகும் இவர் பேசினால் உட்கார்ந்து கேட்பீர்களா?" அவ்வளவுதான். மொத்த மதிப்பெண் ஐம்பத்தைந்து என்றும் நானே மாற்றிவிட்டேன். மேடம் கையெழுத்துப் போட்டு நூறு காப்பி எடுக்கச் சொல்லிவிட்டார். படித்துப் பார்க்கிறவராக இருந்தால் முனியப்பன் அண்ணனை ஃபர்ஸ்ட் இயரில் உட்காரவைப்பாரா?

மற்றவர்கள் அதற்கும் நாலுதான் போடுவார்கள். போடட்டும். என் ஒரு தாள் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும்.

கூட்ரோடு வந்துவிட்டது. நான் இங்கேயே இறங்கி நடந்து வருகிறேன். இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினால் மேடம் பார்த்துவிடுவார். நோட்டைக் கொடுங்க. நீங்க அடுத்த ஸ்டாப். உள்ளே என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீங்க. மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். கோழிக் கேள்வியைக் கேட்பேன். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்க. ஏழாவது கேள்விக்கு ஒன்றுதான் போடுவேன், அதில் மாற்றமில்லை. நாலு அறையும் வரையாமல் விட்டால் நாலாவதில் பூஜ்யம்தான்.

பதினொன்றாவதில் பார்த்துக்கொள்வோம்.